கண்ணாடி உடுத்த இரும்பு
(ஜப்பானிய எனாமல் பாத்திரங்கள்: கேள்வி – பதில்)

கே: ஜப்பானிய எனாமல் பாத்திரங்களுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அதில்? ஒரே வரியில் சொல்லுங்கள்.
– வாசகி, திருச்சி

ப: உணவின் சுவையில் தலையிடாத பாத்திரம் அது. இனி இந்தப் பக்கத்தில் வரும் பதில்களெல்லாம் இந்த ஒரு வரிக்கான விளக்கம்தான்.

கே: எனாமல் என்பது ஒருவகை பெயின்ட்தானே?
– கல்லூரி மாணவர், கோவை

ப: பெயின்ட் காயும், எனாமல் உருகும். இரண்டும் வேறு சாதி. மணல், சோடா, போராக்ஸ் போன்றவற்றை உருக்கிக் கண்ணாடியாக்கி, அந்தக் கண்ணாடியை அரைத்து, களிமண்ணும் தண்ணீரும் சேர்த்துக் குழம்பாகக் கரைக்கிறார்கள். எஃகுத் தகட்டில் செய்த பாத்திரத்தை அதில் முக்கி எடுத்து, காயவைத்து, ஏறக்குறைய 800 முதல் 850 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடுகிறார்கள். சில நிமிடங்களில் பொடி உருகி எஃகோடு பிணைந்துவிடும். நீங்கள் தூக்குவது இரும்பு. உங்கள் சாப்பாட்டைத் தொடுவது கண்ணாடி.

கே: கண்ணாடியும் இரும்பும் எப்படி ஒத்துப்போகின்றன? ஒன்று உடையும், ஒன்று துருப்பிடிக்கும் ஆயிற்றே?
– வேதியியல் ஆசிரியை, நாகர்கோவில்

ப: ஒன்றின் குறையை மற்றது மூடுவதால்தான் இந்தக் கூட்டணி நிலைக்கிறது. முதலில் பூசுவது கருநீலமோ கறுப்போ ஆன அடிப்பூச்சு. அதிலுள்ள கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகள்தாம் கண்ணாடியை எஃகோடு பற்றவைப்பவை. அதற்கு மேல்தான் நாம் பார்க்கும் வெள்ளைப் பூச்சு. அந்த வெண்மை டைட்டானியம் டை ஆக்சைடு தருவது. சில்லு பெயர்ந்த எனாமல் தட்டில் கரிய புள்ளி தெரிகிறதே, அது பெரும்பாலும் இந்த அடிப்பூச்சுதான்.

எஃகும் கண்டபடி இருக்க முடியாது. கரிமம் மிகக் குறைந்த தகடு வேண்டும். கரிமம் கூடினால் சூளையில் அது வாயுவாகிப் பூச்சைக் கொப்புளிக்க வைக்கும். இன்னொரு நுட்பமும் உண்டு. ஆறும்போது எஃகு, கண்ணாடியைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கும்படி கலவையைத் திட்டமிடுகிறார்கள். அதனால் மேலே இருக்கும் கண்ணாடி எந்நேரமும் அழுத்தத்தில் இறுகியே இருக்கும். கண்ணாடிக்கு இழுவை ஆகாது, அழுத்தம் தாங்கும். உங்கள் மாணவர்களுக்கு வெப்ப விரிவைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் சமையலறையில் கிடைக்காது.

கே: எனாமலைக் கண்டுபிடித்தது ஜப்பான்தானா?
– வாசகர், வேலூர்

ப: இல்லை. இரும்புச் சமையல் பாத்திரத்துக்கு எனாமல் பூசும் தொழில் 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பகுதிகளில் வளர்ந்தது. ஜப்பானில் அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வேர்விட்டது. ஆனால் உலோகத்தின் மேல் கண்ணாடியை உருக்கி அலங்கரிப்பது அந்த நாட்டுக்குப் புதிதல்ல. நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில், பின்புறம் எனாமல் வேலைப்பாடு கொண்ட பன்னிரண்டு முனை முகம்பார்க்கும் ஆடி ஒன்று இன்றும் காக்கப்படுகிறது. கியோட்டோவின் நமிகாவா யாசுயுகி (1845–1927) கம்பிக் கோடுகளுக்கிடையே எனாமல் நிரப்பிச் செய்த குவளைகள் உலகக் கண்காட்சிகளில் பரிசு வாங்கின. நகைக்கும் குவளைக்கும் காட்டிய அதே பொறுமையைச் சோற்றுப் பாத்திரத்துக்கும் காட்டினார்கள் என்பதுதான் ஜப்பானின் பங்கு.

கே: ஜப்பான்காரர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிடைக்கவில்லையா?
– பாத்திரக்கடைக்காரர், கும்பகோணம்

ப: தாராளமாகக் கிடைக்கிறது. நீகாட்டா மாகாணத்தின் ட்சுபாமே நகரம் கரண்டி, முள்கரண்டி செய்வதில் உலகப் புகழ் பெற்றது. 1991 முதல் நோபல் பரிசு விருந்தில் வைக்கப்படும் கரண்டிகள் அந்த ஊர்ப் பட்டறையிலிருந்து போனவை. அப்பேர்ப்பட்ட ஸ்டீலைக் கையில் வைத்துக்கொண்டும் எனாமலை அவர்கள் விடவில்லை. உப்பும் புளிப்பும் நாட்கணக்கில் ஊறும் வேலைக்கு உலோகத்தைவிடக் கண்ணாடியே நம்பகமானது என்பது அவர்கள் அனுபவம்.

கே: இன்று ஜப்பானில் எனாமல் என்றதும் முதலில் சொல்லப்படும் பெயர் எது?
– வாசகி, சேலம்

ப: நோடா ஹோரோ. எனாமலுக்கு ஜப்பானில் ஹோரோ என்று பெயர். 1934இல் தொடங்கிய நிறுவனம். டோக்கியோவில் அலுவலகம், டோச்சிகியில் தொழிற்சாலை. தகட்டை அச்சில் அழுத்தி வடிவம் கொடுப்பதிலிருந்து சூளையில் சுட்டு எடுப்பது வரை எல்லா வேலையும் அங்கேயே நடக்கிறது. பூச்சுக் குழம்பில் பாத்திரத்தை முக்கி, கையால் அசைத்து, மிச்சத்தை வழியவிட்டுச் சமன்செய்யும் வேலையை இன்றும் மனிதர்கள்தாம் செய்கிறார்கள். எங்கே தடித்தது, எங்கே மெலிந்தது என்பது அந்த மணிக்கட்டுக்குத் தெரிய வேண்டும். தடித்தால் வெடிக்கும், மெலிந்தால் துருப்பிடிக்கும்.

கே: அவர்களுடைய வெள்ளை டப்பாக்கள் எல்லா நாட்டுச் சமையலறைப் படங்களிலும் தென்படுகின்றனவே?
– வாசகி, சென்னை

ப: 2003இல் வெளிவந்த வரிசை அது. யோசனை, நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த யோஷிகோ நோடாவுடையது. நாள்தோறும் சமைக்கும் ஒரு பெண், தன் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தபோது என்ன வேண்டும் என்று யோசித்துச் சொன்னது. பூ வேண்டாம், வரி வேண்டாம், வண்ணம் வேண்டாம், வெள்ளை போதும். செவ்வகமாக இருக்கட்டும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம், மூலையில் இடம் வீணாகாது. மூடியை மாற்றிக்கொள்ளலாம்: எனாமல் மூடி, நெகிழும் பிளாஸ்டிக் மூடி, இறுக்கமான மூடி.

இதன் அருமை பயன்பாட்டில்தான் தெரியும். காலையில் காய் நறுக்கிப் போட அதுவே தட்டு. மசாலாவில் ஊறவைக்க அதுவே கிண்ணம். அடுப்பிலும் ஏறும், ஓவனிலும் நுழையும். மிச்சத்தை அப்படியே மூடிக் குளிரில் வைக்கலாம். மறுநாள் மூடியைக் கழற்றி, அப்படியே சுடவைத்து மேசைக்குக் கொண்டுபோகலாம். நான்கு பாத்திரம் கழுவும் இடத்தில் ஒன்று.

கே: வெள்ளை என்றால் அழுக்கு உடனே தெரியுமே?
– வாசகி, ஈரோடு

ப: தெரியட்டும். தெரிந்தால்தானே கழுவுவோம்.

கே: பிளாஸ்டிக் டப்பா பாதி விலைக்குக் கிடைக்கும்போது இது எதற்கு?
– குடும்பத் தலைவர், மதுரை

ப: உங்கள் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள். போன மாதம் வைத்த பூண்டு இன்னும் அங்கே குடியிருக்கும். மஞ்சள் ஏறிய மூடி எத்தனை கழுவினாலும் மஞ்சளாகவே இருக்கும். பிளாஸ்டிக் எண்ணெயையும் மணத்தையும் நிறத்தையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். கண்ணாடிப் பரப்பு இழுக்காது. காலையில் மீன் வைத்த எனாமல் டப்பாவைக் கழுவி மாலையில் பாயசம் வைக்கலாம். ஒரு நேர்மையான எச்சரிக்கை: அதே டப்பாவின் பிளாஸ்டிக் மூடி பிளாஸ்டிக்தான். மஞ்சளும் மணமும் அதில் ஏறும். குழம்பு வைப்பவர்கள் எனாமல் மூடியோடு வாங்குவது நல்லது.

கே: அப்படியானால் கண்ணாடி டப்பாவே போதுமே?
– அதே மதுரைக்காரரின் மகள்

ப: அடுப்பில் ஏற்ற முடியாது, கைதவறினால் மொத்தமும் போகும். எனாமல் விழுந்தால் ஒரு சில்லு பெயரும், பாத்திரம் உருக்குலையாது. உலோகம் என்பதால் குளிரும் சீக்கிரம் பரவும். சூடு ஆறிய உணவு விரைவாகக் குளிரும். கண்ணாடி ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. உள்ளே இருப்பது வெளியே தெரியும். எனாமலுக்கு அது இல்லை. ஜப்பானிய வீடுகளில் மாஸ்கிங் டேப்பைக் கிழித்து ஒட்டி, அதன் மேல் உணவின் பெயரும் தேதியும் எழுதிவைக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அதையே செய்யுங்கள்.

கே: ஜப்பானியர் எனாமலில் முக்கியமாக என்ன வைக்கிறார்கள்?
– வாசகி, தூத்துக்குடி

ப: ஊறவைப்பதை. அங்கே நுகாதோகோ என்று ஒன்று உண்டு. அரிசித் தவிட்டில் உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து புளிக்கவைத்த படுக்கை. வெள்ளரி, கத்தரி, முள்ளங்கியை இரவு அதில் புதைத்தால் மறுநாள் புளிப்பும் உப்புமாக எடுத்துச் சாப்பிடலாம். நாள்தோறும் கையை விட்டு அடிமுதல் கிளறிவிட வேண்டும்; இல்லாவிட்டால் கெட்டுவிடும். நன்றாகப் பேணினால் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இன்னொன்று உமெபோஷி. மழைக்காலமான ஜூனில் உமே என்னும் புளிப்புக் காயை உப்பிலிட்டு, ஜூலைக் கடைசி வெயிலில் மூன்று நாள் காயவைப்பார்கள். பழைய கணக்கில் காயின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உப்பு. போதாததற்குக் காயின் சொந்தப் புளிப்பு. அலுமினியத்தை இது அரித்துவிடும். மரத் தொட்டி கசியும், மணம் ஏறும். மண்ஜாடி நல்லதுதான், ஆனால் கனம். எனாமல் ஜாடி எடை குறைவு, அரிக்காது, மணம் ஏற்காது. உப்பையும் புளிப்பையும் மாதக்கணக்கில் தாங்க வேண்டிய ஒரு நாட்டுச் சமையல்தான் எனாமலை அங்கே நிலைக்க வைத்தது.

கே: அப்போது நம் ஊறுகாயையும் வைக்கலாமா? புளி, எலுமிச்சை, மோர் எல்லாம்?
– பாட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர்

ப: தாராளமாக வைக்கலாம், அம்மா. பூச்சில் விரிசலோ சில்லோ இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சில்லு இருந்தால் உப்பு அந்த வழியாக நுழைந்து இரும்பைத் தின்றுவிடும். எடுக்கும்போது மரக்கரண்டி போடுங்கள்.

கே: வீட்டுக்கு வெளியே எனாமலுக்கு வேலை உண்டா?
– பொறியாளர், ஓசூர்

ப: நிறைய. ஜப்பானின் சாக்கே மதுவடிப்போர் நூற்றாண்டுகளாக செடார் மரத் தொட்டிகளில் வடித்தார்கள். மரம் மதுவைக் குடிக்கும், கிருமிக்கும் இடம்கொடுக்கும். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உள்ளே எனாமல் பூசிய பெரும் எஃகுத் தொட்டிகள் வந்து மரத்தின் இடத்தைப் பிடித்தன. மது தூய்மையாகவும் சீராகவும் அமைந்தது. மருத்துவமனைக் கிண்ணங்கள், புகைப்பட இருட்டறையில் ரசாயனம் ஊற்றும் தட்டுகள், இவையும் எனாமல்தான். இன்றுகூட மருந்துத் தொழிற்சாலைகளில் கடும் அமிலம் கொதிக்கும் கலன்களின் உட்புறம் இதே கண்ணாடிப் பூச்சு கொண்டது. அத்தனை அமிலத்தைத் தாங்குவது உங்கள் ரசத்தைத் தாங்காதா?

கே: ஜப்பானியக் கிராமப் படங்களில் பழைய தகர விளம்பரப் பலகைகளைப் பார்க்கிறேன். அவையும் எனாமலா?
– ஓவியர், புதுச்சேரி

ப: ஆம். மளிகைக் கடைச் சுவர்களில் கொசுவத்தி, பானம், குழம்பு விளம்பரங்கள். 1968இல் வந்த போன் கறி, வெந்நீரில் பையோடு போட்டுச் சூடாக்கும் குழம்பு. கிமோனோ உடுத்திய நடிகை யோகோ மட்சுயாமா அதைக் கையில் ஏந்தி நிற்கும் பலகை, நாடெங்கும் சுவர்களில் இருந்தது. பெயின்ட் பலகையாக இருந்தால் பத்து மழைக்காலத்தில் வெளுத்திருக்கும். இவற்றின் நிறமே கண்ணாடி என்பதால் வெயிலுக்கு அஞ்சவில்லை. ஆணியடித்த துளையிலிருந்து துரு படரும். சிவப்பு மட்டும் சிவப்பாகவே நிற்கும். சேகரிப்பவர்கள் இன்று இவற்றைத் தேடி அலைகிறார்கள்.

கே: எனாமல் பாத்திரம் சினிமாவில் நடித்திருக்கிறதா?
– திரைப்பட ரசிகர், கோடம்பாக்கம்

ப: நடித்திருக்கிறது, அதுவும் மாபெரும் இயக்குநரிடம். யசுஜிரோ ஓசுவின் முதல் வண்ணப்படம் 1958இல் வந்த ‘ஹிகன்பனா’. சிவப்பு நன்றாகப் பதியும் என்பதற்காகவே அவர் அக்ஃபா நிறுவனத்தின் பிலிமைத் தேர்ந்தார். அந்தப் படத்தில் ஒரு சிவப்புக் கெட்டில் வரும். அறையின் தரையில், ஓரத்தில், கதாபாத்திரங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அது பாட்டுக்கு இருக்கும். மகளின் கல்யாணத்தைப் பற்றி அப்பா கோபப்படுகிறார்; கெட்டில் இருக்கிறது. சமாதானமாகிறார்; கெட்டில் இருக்கிறது. ஒரு வீட்டில் அன்றாடம் என்பது எவ்வளவு உறுதியானது என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறது. மறுமுறை பார்க்கும்போது கெட்டிலை மட்டும் கவனியுங்கள்.

கே: கொக்குக் கழுத்துபோல் மூக்கு நீண்ட ஒரு காபிக் கெட்டில் இருக்கிறதே, அதன் கதை என்ன?
– காபிப் பிரியர், சிக்மகளூர்

ப: நிலாவும் முயலும் முத்திரையிட்ட ஸ்லிம் பாட்டைச் சொல்கிறீர்கள். நிலாவில் முயலைப் பார்ப்பது நமக்கும் பழக்கம்தான். அவர்கள் அதைப் பாத்திரத்தில் முத்திரையாகப் போட்டுவிட்டார்கள். ஃபுஜீ என்னும் வணிக நிறுவனத்துக்காக நோடா ஹோரோ செய்து தருவது. சிறியது 0.7 லிட்டர், பெரியது 1.2 லிட்டர். மெல்லிய மூக்கு அடியிலிருந்து தொடங்குவதால் வெந்நீர் ஒரே சீராக, நூலாக இறங்கும். வடிதாளில் இருக்கும் காபித்தூளின் மேல் நினைத்த இடத்தில் நினைத்த அளவு ஊற்றலாம். ஜப்பானியக் காபிக்கடைகளின் கையால் வடிக்கும் மரபுக்கு ஏற்ற கெட்டில் இது. வண்ணங்கள் பல, வேலை ஒன்று.

கே: என் மனைவி எனாமல் கெட்டிலாக வாங்கிக் குவிக்கிறார். நான் என்ன செய்ய?
– கணவர், திருப்பூர்

ப: அவற்றில் ஒன்றில் வெந்நீர் வைத்து, அவருக்கு ஒரு காபி போட்டுக் கொடுங்கள். பயன்படுத்தப்படும் கெட்டில் ஒருபோதும் அதிகமில்லை.

கே: கனமான வார்ப்பிரும்பு எனாமல் பானைகள் பிரான்சின் சொத்து அல்லவா? ஜப்பான் எப்படி நுழைந்தது?
– சமையல் கலைஞர், பெங்களூர்

ப: தறி வழியாக நுழைந்தது. நகோயாவின் ஐச்சி டோபி 1936இல் தொடங்கிய பட்டறை. நெசவுத் தறிக்கான டோபி இயந்திரம் செய்தது. ஜவுளித் தொழில் சரிந்து பட்டறை தடுமாறியபோது, பொறுப்பேற்ற ஹிஜிகாட்டா சகோதரர்கள் கையிலிருந்த இரண்டு திறமைகளை எண்ணிப் பார்த்தார்கள்: இரும்பு வார்ப்பது, நுட்பமாகக் கடைவது. இரண்டையும் ஒரு பானையில் சேர்த்தார்கள். பானையின் விளிம்பும் மூடியும் நூற்றில் ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் பொருந்த வேண்டும் என்பது இலக்கு. வார்ப்பிரும்பு சூளையில் நெளியும், பூச்சு கொப்புளிக்கும், ஆண்டுகள் போயின. 2010இல் வெர்மிகுலர் பானை கடைக்கு வந்தது. மூடி அவ்வளவு இறுக்கம். காய்கறியைத் தண்ணீர் ஊற்றாமல் அதன் சாற்றிலேயே வேகவைக்கலாம். விரைவில், பதிவுசெய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள் ஜனங்கள். நான் மிகவும் மதிப்பது இன்னொன்றை: பூச்சு பழுதானால் திருப்பி வாங்கி மறுபடி எனாமல் பூசித் தருகிறார்கள். விற்ற பொருளுக்கு விற்ற பிறகும் பொறுப்பேற்பதுதான் தொழில்.

கே: முழுச் சமையலறையையே எனாமலில் கட்ட முடியுமா?
– கட்டட ஒப்பந்ததாரர், கரூர்

ப: கட்டிவிட்டார்கள். ஒசாகாவில் 1912இல் எனாமல் நிறுவனமாகத் தொடங்கிய தகாரா ஸ்டாண்டர்ட், 1960களிலேயே எனாமல் கழுவுதொட்டி மேடைகளைக் கொண்டுவந்தது. இன்று அலமாரிக் கதவு, சுவர்ப் பலகை எல்லாம் எனாமல். எண்ணெய்ப் பிசுக்கை ஈரத்துணியால் துடைத்தால் போதும். உள்ளே எஃகு என்பதால் சுவரில் காந்தம் ஒட்டும்; ஆணியடிக்காமல் கரண்டி மாட்டலாம்.

கே: இண்டக்ஷன் அடுப்பு? மைக்ரோவேவ்?
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

ப: இண்டக்ஷனுக்கு, அடி தட்டையாகவும் போதிய அகலமாகவும் இருந்தால் ஆம். மைக்ரோவேவுக்கு ஒருபோதும் இல்லை, உள்ளே உலோகம்.

கே: எனாமலில் தாளிக்கலாமா?
– புதுமணப்பெண், பொள்ளாச்சி

ப: வேண்டாம். வெறும் பாத்திரம் காய்வதும், சொட்டு எண்ணெயில் அதிகச் சூடும் எனாமலுக்கு ஆகா. தகடு மெல்லியது, சூடு ஓரிடத்தில் குவியும், கெட்டிக் குழம்பு அடிபிடிக்கும். தண்ணீர் நிறைய இருக்கும் வேலைக்கு அது ராஜா: கொதிக்கவைக்க, வேகவைக்க, பால் காய்ச்ச, ரசம் வைக்க. நிறைய எண்ணெயில் பொரிப்பதற்கென்றே ஜப்பானில் எனாமல் டெம்புரா சட்டிகள் உண்டு. பரவலான எண்ணெய் சூட்டைச் சமமாக்கிவிடும். தாளிப்பை உங்கள் இரும்புக் கரண்டியிலேயே செய்து கொட்டுங்கள்.

கே: பேணுவது எப்படி? சுருக்கமாக.
– வாசகி, தஞ்சாவூர்

ப: மூன்று ‘கூடாது’, இரண்டு ‘செய்யலாம்’.

வெறும் பாத்திரத்தை அடுப்பில் விடக்கூடாது. சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீரைப் பீய்ச்சக்கூடாது. எஃகும் கண்ணாடியும் வேறுவேறு வேகத்தில் சுருங்கிப் பூச்சு விரிசல் விடும். கம்பி நாரால் தேய்க்கக்கூடாது; கீறிய பளபளப்பு திரும்பாது.

அடிபிடித்தால், தண்ணீரில் சமையல் சோடா போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மரக்கரண்டியால் தள்ளலாம். கெட்டிலுக்குள் உப்புத்தண்ணீர்ப் படிவு வெள்ளையாகப் படர்ந்தால், எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊறவிட்டுக் கழுவலாம். பிறகு துடைத்துக் காயவையுங்கள், முக்கியமாக விளிம்பை.

கே: சில்லு பெயர்ந்த பாத்திரத்தைத் தூக்கிப்போட வேண்டுமா?
– சிக்கனக்காரர், சிவகங்கை

ப: எங்கே பெயர்ந்தது என்று பாருங்கள். வெளிப்புறமோ கைப்பிடியோ என்றால் துடைத்துக் காயவைத்துப் பயன்படுத்தலாம். உட்புறம் என்றால் சமையலிலிருந்து ஓய்வு கொடுங்கள். துரு மட்டும் பிரச்சினையல்ல. பக்கத்திலிருக்கும் பூச்சும் கண்ணாடித் துணுக்காகச் சோற்றில் விழக்கூடும். ஓய்வுபெற்றதில் கறிவேப்பிலைச் செடி வையுங்கள். அடியில் ஓட்டை போட மறக்காதீர்கள்.

கே: எனாமலில் ஈயம் இருக்கும் என்று பயமுறுத்துகிறார்களே?
– இளம் தாய், திண்டுக்கல்

ப: பயம் நியாயமானது, பதிலும் தெளிவானது. பழங்காலப் பூச்சுகளிலும், குறிப்பாகச் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களிலும் ஈயமோ காட்மியமோ இருந்திருக்கலாம். இன்று ஜப்பானின் உணவுச் சுகாதாரச் சட்டம், எனாமல் பாத்திரத்திலிருந்து ஈயமும் காட்மியமும் எவ்வளவு கசியலாம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அமிலக் கரைசல் ஊற்றி வைத்துச் சோதிக்கிறார்கள். ஆகவே தயாரிப்பாளர் பெயர் தெரிந்த புதுப் பாத்திரத்தில் தயங்காமல் சமையுங்கள். பழைய சந்தையில் வாங்கிய பெயர் தெரியாத வண்ணப் பாத்திரத்தை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். குழந்தைக்கு அதில் புளிப்பான எதையும் கொடுக்காதீர்கள்.

கே: நல்ல எனாமலை எப்படி இனம் காண்பது?
– வாசகர், பாளையங்கோட்டை

ப: வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பரப்பு அலையில்லாமல் இருக்க வேண்டும். விளிம்பை விரலால் தடவுங்கள். உருகும் கண்ணாடி விளிம்பிலிருந்து பின்வாங்கும் இயல்புடையது. அதனால் அங்கேதான் பூச்சு மெலியும், அங்கேதான் தரம் தெரியும். பல பாத்திரங்களில் விளிம்புக்கு நீலமோ கறுப்போ தனியாகப் பூசுவதும் இதனால்தான். கைப்பிடி சேரும் இடத்தில் வெற்று உலோகம் தெரியக்கூடாது. அடியிலோ விளிம்பிலோ ஊசிமுனை போன்ற சின்ன வடு இருந்தால் பதறாதீர்கள். சூளையில் மாட்டவோ தாங்கவோ பிடித்த இடம் அது. முழுக்கப் பூசிய ஒன்றைக் காற்றில் மிதக்கவிட்டுச் சுட முடியாதே.

கே: எங்கள் வீட்டுப் பரணில் பழைய எனாமல் தட்டு இருக்கிறது. ஜப்பானாக இருக்குமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: இருக்கலாம். 1930களில் ஜப்பானிய எனாமல் ஆசியத் துறைமுகங்களுக்கெல்லாம் மலிவாக வந்து இறங்கியது; ஐரோப்பியச் சரக்கும் வங்காளத்துச் சரக்கும் அதோடு போட்டியிட்டன. தட்டைக் கவிழ்த்து முத்திரையைப் பாருங்கள். முத்திரை அழிந்திருந்தால் ஊகிக்க வேண்டாம். யார் சாப்பிட்ட தட்டு என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். அது இன்னும் பெரிய தகவல்.

கே: இதெல்லாம் பழமை மேல் உள்ள ஏக்கம்தானே? பாட்டி காலத்துப் பொருள் என்பதால்தானே கவர்ச்சி?
– வாசகர், அண்ணாநகர்

ப: ஒரு பங்கு அதுவும் உண்டு. 1960, 70களின் பூப்போட்ட ஜப்பானியப் பானைகளை இளைஞர்கள் பழைய சந்தைகளில் தேடி வாங்குகிறார்கள். அவை ஒரு தலைமுறையின் வீட்டு மணத்தைச் சுமப்பவை. ஆனால் ஏக்கம் மட்டுமே ஒரு பொருளைக் காப்பாற்றாது. ஸ்டீலும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்தபோது ஜப்பானில் எனாமல் பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. நினைவு மட்டும் போதுமானதாக இருந்திருந்தால் அவை மூடியிருக்க வேண்டியதில்லை. மிஞ்சியவர்கள், எந்த நினைவையும் தூண்டாத வெறும் வெள்ளை டப்பாவைச் செய்து மீண்டார்கள். பழமையை விற்றிருந்தால் பூவைத் திரும்பக் கொண்டுவந்திருப்பார்கள். அவர்கள் விற்றது பயன். இன்றைய சின்ன அடுக்ககச் சமையலறைக்கும் சின்னக் குடும்பத்துக்கும் மிச்சத்தை வீணாக்காத மனசுக்கும் பொருந்திய பயன்.

கே: ஒன்றே ஒன்று வாங்க முடியும். எதை வாங்குவேன்?
– முதல் சம்பளம் வாங்கியவர், விருதுநகர்

ப: வாழ்த்துகள். கெட்டிலின் அழகில் மயங்காதீர்கள். அது இரண்டாவது சம்பளத்துக்கு. முதலில், எனாமல் மூடியோடு ஒரு நடுத்தர வெள்ளைச் செவ்வக டப்பா வாங்குங்கள், ஆழமானது. அதில் சுண்டல் ஊறும், தயிர் உறையும், மாவு காத்திருக்கும், மிச்சக் குழம்பு தங்கும். வாங்கியதைக் காட்சிக்கு வைக்காமல் அன்று இரவே பயன்படுத்துங்கள். எனாமல் தேய்மானத்தால் சாவது அரிது, கவனக்குறைவால்தான் சாகிறது. கவனமாகக் கையாண்டால் உங்கள் கடைசிச் சம்பளம் வரைக்கும் அது உடன் வரும்.